மாவோரி கூட்டுநிலம்: எந்த அரசு உதவியை முதலில் கேட்பது, எதைக் கடைசியில் தொடுவது

நியூசிலாந்தின் வடதீவில், பிளென்டி விரிகுடாவின் கிழக்குக் கரையோரம் 80 ஹெக்டேர் நிலம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 18 ஹெக்டேர் சமதளம், 40 ஹெக்டேர் மேடுபள்ளமான மேய்ச்சல், மீதி 22 ஹெக்டேர் செங்குத்துச் சரிவு. எரிமலைச் சாம்பல் மண். பதிவேட்டில், நாட்டின் பூர்வகுடிகளான மாவோரி மக்கள் 300 பேர் உரிமையாளர்கள். அவர்களில் பலர் இறந்துவிட்டார்கள், வாரிசுப் பெயர்மாற்றம் நடக்கவில்லை. பக்கத்துப் பண்ணைக்காரரிடம் விட்ட குத்தகை இன்னும் இரண்டு ஆண்டில் முடிகிறது. அதற்குப் பிறகு என்ன செய்வது?

இது கணக்குக்காக எடுத்துக்கொண்ட மாதிரி நிலம். ஆனால் நாட்டில் இப்படிப்பட்ட துண்டுகள் ஏறக்குறைய 27,000 உண்டு. மொத்தம் சுமார் 14 லட்சம் ஹெக்டேர். ‘ஃபெனுவா’ என்றால் மாவோரி மொழியில் நிலம், தொப்புள்கொடியோடு வரும் நஞ்சுக்கொடி இரண்டுமே. விற்றுக் காசாக்கும் சொத்தாக அதைப் பார்க்கும் வழக்கம் அங்கே இல்லை. 1993-ஆம் ஆண்டின் தே தூரே ஃபெனுவா மாவோரி சட்டமும் விற்பனைக்குக் கடும் தடை போட்டிருக்கிறது. அறக்கட்டளையின் கீழ் உள்ள நிலத்தை விற்க நான்கில் மூன்று பங்கு உரிமையின் சம்மதம் வேண்டும். எனவே கேள்வி விற்பதா வைத்திருப்பதா என்பதல்ல. வைத்திருக்கும் நிலத்தில் யார் பணத்தை, எந்த நிபந்தனையில், எந்த வரிசையில் இறக்குவது என்பதுதான்.

உதவித் திட்டங்களை ஒப்பிடும்போது பெரும்பாலோர் தொகையைப் பார்க்கிறார்கள். எங்கள் அளவுகோல் வேறு: பணம் வந்து பத்து ஆண்டு கழித்து நிலத்தைப் பற்றிய முடிவு யார் கையில் இருக்கும்? இந்த அளவுகோலை வரலாறுதான் தந்தது.

கடனோடு திரும்பி வந்த நிலங்கள்

1865-இல் நிலையாக அமைந்த பூர்வகுடி நில நீதிமன்றம், ஹபூ என்ற குலக்குழுவின் பொதுநிலத்தைத் தனிநபர் பங்குகளாக மாற்றியது. 1873 சட்டம் ஒவ்வோர் உரிமையாளரின் பெயரையும் தனித்தனியே பட்டியலிடச் சொன்னது. தலைமுறைக்குத் தலைமுறை பங்கு உடைந்துகொண்டே போனது. பலர் பெயரில் சிதறிய நிலத்தை அடமானமாக வைத்து வங்கி கடன் தராது. இன்றும் சிக்கலின் வேர் இதுவே.

ஆபிரானா ஙாட்டா (தமிழின் ‘ங’ இந்தப் பெயருக்குக் கச்சிதமாகப் பொருந்தும்) பூர்வகுடி விவகார அமைச்சராக இருந்தபோது, 1929 சட்டத்தின் மூலம் முதல் முறையாக அரசுப் பணத்தை நேரடியாக மாவோரி நில மேம்பாட்டுக்குக் கொண்டுவந்தார். புதர் வெட்டி, வேலி போட்டு, புல் விதைத்து, பால்பண்ணைகள் எழுந்தன. நல்ல பலன் கண்ட இடங்கள் நிறைய. ஆனால் செலவு நிலத்தின் மேல் கடனாக ஏறியது. கடன் தீரும்வரை நிர்வாகம் இலாகாவிடம் இருந்தது. கணக்கு வழக்கு பற்றிய விசாரணைக் குழுவின் அறிக்கைக்குப் பிறகு 1934-இல் ஙாட்டா பதவி விலகினார்; திட்டங்களோ பல பத்தாண்டுகள் தொடர்ந்தன. இலாகா 1989-இல் கலைக்கப்பட்டது. நிலம் திரும்பக் கிடைத்தபோது அதை நடத்தப் பழகிய உரிமையாளர் பல இடங்களில் இல்லை. பாதகம் கடனால் மட்டும் வந்ததில்லை. ஒரு தலைமுறை முழுவதும் முடிவெடுக்கும் பழக்கத்தை இழந்ததுதான் பெரிய பாதகம்.

விண்ணப்பத்துக்கு முன் ஐந்து வேலை

எந்த நிதிக்கு விண்ணப்பித்தாலும் முதலில் கேட்கப்படுவது ஒன்றே: இந்த நிலத்தின் சார்பில் கையெழுத்துப் போட யாருக்கு அதிகாரம்? இதற்குப் பதில் இல்லாத விண்ணப்பம் முதல் மேசையிலேயே நின்றுவிடும்.

மாவோரி நில நீதிமன்றத்தின் இணையப் பதிவேடு ‘பாட்டக்கா ஃபெனுவா’. அதில் துண்டின் பெயர், பரப்பு, உரிமையாளர், பங்கு, அறங்காவலர், சுமைகள் எல்லாம் கிடைக்கும். இறந்தவர்களின் பங்குக்கு வாரிசு ஆணை வாங்குவதுதான் நீண்ட வேலை. 2020 திருத்தச் சட்டம் 2021 பிப்ரவரி 6 அன்று நடைமுறைக்கு வந்தபின், யாரும் எதிர்க்காத எளிய வாரிசு விண்ணப்பங்களை நீதிபதி முன் போகாமல் பதிவாளரே முடிக்கலாம். ஒரு குடும்பம் தன் தாத்தா பாட்டியின் பங்குகளைச் சேர்த்து ஒரே சமயத்தில் விண்ணப்பித்தால் மூன்று முறை அலையாமல் ஒரு முறையோடு முடியும்.

அடுத்தது நிர்வாக அமைப்பு. பெரும்பாலான நிலங்களுக்குப் பொருந்துவது சட்டத்தின் 215-ஆம் பிரிவின் கீழ் அமையும் ‘அஹு ஃபெனுவா’ அறக்கட்டளை. உரிமையாளர் கூட்டம் கூட்டி, அறங்காவலரை முன்மொழிந்து, நீதிமன்ற ஆணை பெற வேண்டும். கூட்ட அறிவிப்பு எல்லோருக்கும் போதிய முன்னவகாசத்தோடு போயிருக்கிறதா என்று நீதிமன்றம் பார்க்கும். அறிவிப்பில் குறை இருந்தால் மறு கூட்டம், ஆறு மாத இழப்பு. ஏற்கெனவே அறக்கட்டளை இருந்தால் அதன் ஆணையை எடுத்து வரிவரியாகப் படியுங்கள். பழைய ஆணைகள் பலவற்றில் கடன் வாங்கவோ கூட்டுத் தொழிலில் சேரவோ அதிகாரம் இருக்காது. 244-ஆம் பிரிவின் கீழ் திருத்தம் கேட்கலாம். அதைக் கடன் பேச்சு தொடங்குமுன் கேட்பதே முறை.

மூன்றாவது, அளவை. பல துண்டுகளுக்கு நவீன அளவை வரைபடமே இல்லை. குத்தகையையோ அடமானத்தையோ பதிவு செய்யும் கடைசிக் கட்டத்தில் இது தெரியவந்தால் முதலீட்டாளர் விலகிவிடுவார். பாதை இல்லாமல் நாற்புறமும் பிறர் நிலம் சூழ்ந்த துண்டுகளுக்கு வழி உரிமை கேட்க அதே சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் அது ஆண்டுக்கணக்கில் நீளும்.

நான்காவது, வரி. பலர் கவனிக்காமல் விடும் இடம். தகுதியுள்ள அறக்கட்டளை ‘மாவோரி அமைப்பு’ என்ற வரி நிலையைத் தேர்ந்தெடுத்தால் வருமான வரி 17.5 சதவீதம். தேர்ந்தெடுக்காமல் சாதாரண அறக்கட்டளையாக இருந்தால் 2024 ஏப்ரல் 1 முதல் 39 சதவீதம். ஒரு படிவத்தில் இத்தனை வித்தியாசம்.

உள்ளாட்சி வரிக்குத் தனி விதி. 2021 ஜூலை 1 முதல், முழுவதும் பயன்படுத்தாமல் கிடக்கும் மாவோரி நிலத்துக்கு வரி கிடையாது. வசூலிக்க முடியாத பழைய பாக்கியை நகராட்சியின் தலைமை நிர்வாகி தள்ளுபடி செய்யலாம். ஆனால் நிலத்தில் வேலை தொடங்கியதும் வரி திரும்ப ஏறும். மேம்பாட்டுக் காலத்துக்கு வரிக்கழிவு கேட்க 114அ என்ற பிரிவு இருக்கிறது. கழிவு தருவதா என்பது நகராட்சியின் முடிவு. எனவே முதல் கம்பம் ஊன்றுவதற்கு முன் எழுத்தில் விண்ணப்பித்துவிட வேண்டும்.

ஐந்தாவது, நைட்ரஜன் வரம்பு, அதாவது பண்ணையிலிருந்து நீரில் எவ்வளவு நைட்ரஜன் கசியலாம் என்ற அளவு. டாவுப்போ ஏரி நீர்ப்பிடிப்பில் ஒவ்வொரு பண்ணைக்கும் நைட்ரஜன் ஒதுக்கீடு 2001 முதல் 2005 வரையிலான உண்மையான பயன்பாட்டை வைத்துத் தரப்பட்டது. அந்த ஆண்டுகளில் முழுவீச்சில் பால்பண்ணை நடத்தியவருக்குப் பெரிய ஒதுக்கீடு. புதர் மண்டிக் கிடந்த மாவோரி நிலத்துக்குச் சொற்பம். ஏரியைக் காப்பாற்ற வரம்பு தேவைதான். ஆனால் மாசுபடுத்தாமல் இருந்தவருக்கே வளர வழி அடைபட்டது நியாயமில்லை என்று நாங்கள் உறுதியாகச் சொல்வோம். நடைமுறையில் இதன் பொருள்: நீர்ப்பிடிப்பில் வரம்பு உண்டா என்று மண்டல மன்றத்தில் கேட்காமல் பால்பண்ணைத் திட்டம் எழுதக் கூடாது. நம் மாதிரி நிலம் கரையோரத்தில் இருப்பதால் அந்த ஏரியின் விதிகள் அதைத் தொடாது.

திட்டமிடும் பணம்: தே புனி கோக்கிரியின் ஃபெனுவா மாவோரி நிதி

மாவோரி மேம்பாட்டு அமைச்சகமான தே புனி கோக்கிரி 2016 முதல் நடத்தும் நிதி இது. திருப்பித் தர வேண்டாத மானியம். எதற்குக் கிடைக்கும் என்றால், பெரும்பாலும் அறிவுக்கு: மண் ஆய்வு, நிலப் பயன்பாட்டு ஒப்பீடு, சாத்திய அறிக்கை, வணிகத் திட்டம், அறங்காவலர் பயிற்சி. 2019-இல் அரசு நான்கு ஆண்டுக்கு 5.61 கோடி நியூசிலாந்து டாலர் (இனி டாலர் என்பதெல்லாம் அதுவே) ஒதுக்கி மண்டலவாரியாக ஆலோசகர்களை அமர்த்தியது. ‘துபு’ என்ற இணையதளமும் அந்த ஆண்டே வந்தது. துபுவில் நிலத்தின் பெயரைத் தட்டினால் மண், மழை, சரிவு, எந்தப் பயிருக்குப் பொருத்தம் என்று வரைபடத்தோடு காட்டும். இலவசம். சாத்திய அறிக்கைக்குப் பணம் கேட்குமுன் துபு அறிக்கையை அச்சிட்டு உரிமையாளர் கூட்டத்தில் வைப்பது நல்ல தொடக்கம்.

இந்தப் பாதையில் கட்டுப்பாடு முழுக்க உரிமையாளரிடம் இருக்கும். நிலத்தின் மேல் எந்தச் சுமையும் ஏறாது. குறை என்ன? அலமாரியில் தூங்கும் அறிக்கைகள். ஆலோசகர் வந்தார், 60 பக்கம் எழுதினார், போனார். அறங்காவலருக்கு அதைச் செயல்படுத்தும் பணமும் இல்லை, ஆளும் இல்லை. இதைத் தவிர்க்க, ஆலோசகரோடு செய்யும் ஒப்பந்தத்திலேயே மூன்று விஷயங்களைக் கேட்டு எழுதி வாங்குங்கள்: மாதவாரிப் பணவோட்டக் கணக்கு, விலை 20 சதவீதம் சரிந்தால் என்ன ஆகும் என்ற கணக்கு, எதுவும் செய்யாமல் குத்தகையைத் தொடர்ந்தால் வரும் வருமானத்தோடு ஒப்பீடு. கடைசியாகச் சொன்னது இல்லாத அறிக்கை எங்கள் பார்வையில் அரைகுறை.

ஆற்றல் வளர்க்கும் பணம்: முதன்மைத் தொழில் அமைச்சகம்

இந்த அமைச்சகத்தின் மாவோரி வேளாண் பிரிவு இரண்டு விதமாக உதவுகிறது. ஒன்று, தனி அறக்கட்டளையோடு உட்கார்ந்து அதன் உற்பத்தியை உயர்த்தும் வழியைத் திட்டமிடுவது. மற்றொன்று, ஒரே மாதிரிப் பண்ணை நடத்தும் பல அறக்கட்டளைகளைக் கொத்தாகச் சேர்த்து நிபுணர்களைக் கூட்டி வருவது.

கொத்து முறைதான் சிறு நிலங்களுக்கு உகந்தது. காரணம் கணக்கில் இருக்கிறது. நியூசிலாந்தில் கால்நடை அளவை ‘கால்நடை அலகு’ கொண்டு கணக்கிடுகிறார்கள்: 55 கிலோ எடையுள்ள, ஒரு குட்டி ஈனும் தாய்ச் செம்மறியாடு ஓர் அலகு, அது ஆண்டுக்கு ஏறக்குறைய 550 கிலோ உலர்தீவனம் தின்னும். நம் 40 ஹெக்டேர் மேய்ச்சலில் ஹெக்டேருக்கு 9 அலகு என்று வைத்தாலும் மொத்தம் 360. ஒரு முழுநேர மேலாளரின் சம்பளத்தைத் தாங்கச் சில ஆயிரம் அலகுகள் தேவை. ஆக, தனியாக ஆட்டுப்பண்ணை என்ற யோசனையே இங்கே நிற்காது. அக்கம்பக்கத்து நான்கைந்து அறக்கட்டளைகள் நில உரிமையைத் தனித்தனியே வைத்துக்கொண்டு, மந்தையையும் மேலாளரையும் மட்டும் பொதுவாக்கினால் நிற்கும். அப்படிப்பட்ட பேச்சு தொடங்கும் இடமாகக் கொத்துக் கூட்டங்கள் பயன்படுகின்றன.

பெரிய திட்டங்களுக்கு, 2018-இல் தொடங்கிய நிலையான உணவு, நார் நிதியின் இடத்தில் 2025 வரவுசெலவுத் திட்டம் முதன்மைத் துறை வளர்ச்சி நிதியை அறிவித்தது: நான்கு ஆண்டுக்கு 24.6 கோடி டாலர். இது கூட்டு முதலீடு. விண்ணப்பிப்பவரும் தன் பங்கைப் போட வேண்டும். 80 ஹெக்டேர் அறக்கட்டளை தனித்துப் போய்க் கேட்கும் கதவு இதுவல்ல.

மூலதனம்: கானோவாவின் கடன்

இங்கேதான் நிதானம் அதிகம் வேண்டும்.

2017-இல் அறிவித்த 300 கோடி டாலர் மாகாண வளர்ச்சி நிதியில், 2019 பிப்ரவரியில் 10 கோடி டாலர் மாவோரி நிலத்துக்கென ஒதுக்கப்பட்டது. வங்கி மறுத்த இடத்தில் அரசே கடன் தந்தது. கடனுக்குப் பிணையாக நிலத்தை எழுதி வாங்காமல் நடத்தியது பெரிய முன்னேற்றம். அந்த நிதி முடிந்துவிட்டது. அதை நிர்வகித்த கானோவா அமைப்பு இப்போது 2024 ஜூலையில் திறந்த 120 கோடி டாலர் மண்டல உள்கட்டமைப்பு நிதியைப் பார்க்கிறது. பெரும்பாலும் கடன் அல்லது பங்கு முதலீடு. நீர்த்தேக்கம், வெள்ளத் தடுப்பு, மாவோரி பொருளாதாரச் சொத்து போன்ற, ஒரு வட்டாரத்துக்கே பயன்படும் பெரிய வேலைகளுக்கானது.

நீர்தான் முதல் படி. நார்த்லாந்தில் கைக்கோஹே அருகே மாத்தாவீ நீர்த்தேக்கம் 7.5 லட்சம் கன மீட்டர் கொள்ளளவோடு அரசுப் பணத்தில் கட்டப்பட்டது. நீர் வந்தபின் தோட்டக்கலை சாத்தியம். நீர் இல்லாமல் நட்ட கன்று கடனை மட்டுமே வளர்க்கும். நம் 18 ஹெக்டேர் சமதளத்தில் கிவிப் பழத் தோட்டம் என்ற ஆசை கட்டாயம் எழும், ஏனெனில் அந்தக் கரையோரம் அதற்குப் பேர்போனது. டே காஹாவின் 15பி அறக்கட்டளையின் ஹினேயோரா தோட்டம் 2020-இல், அஹுஃபெனுவா கோப்பையின் முதல் தோட்டக்கலைப் போட்டியில் வென்றது. (ஙாட்டாவும் அன்றைய தலைமை ஆளுநர் பிளெடிஸ்லோவும் ஏற்படுத்திய அந்தக் கோப்பை 1933-இல் முதன்முதலாக வழங்கப்பட்டது.)

ஆசைக்கு முன் கணக்கு. தங்கநிறச் சதை கொண்ட சன்கோல்ட் ரகத்தை நட, கிவி விற்பனை நிறுவனமான ஜெஸ்பிரியின் உரிமம் வேண்டும். 2022 ஏலத்தில் ஹெக்டேருக்குச் சுமார் 8 லட்சம் டாலர் போனது. பந்தல், காற்றுத்தடுப்பு, நீர்ப்பாசனம் என்று அமைப்புச் செலவு ஹெக்டேருக்கு லட்சம் டாலரைத் தாண்டும். ஒட்டுக் கட்டி மூன்று ஆண்டு கழித்தே விற்கத்தக்க காய்ப்பு. முழுக் காய்ப்புக்கு மேலும் சில ஆண்டு. அந்த இடைவெளியில் வட்டி ஓடும். பச்சைநிற ஹேவர்டு ரகத்துக்கு உரிமக் கட்டணம் இல்லை; வரவும் அதற்கேற்பக் குறைவு.

எங்கே தவறுகிறது? சமதளம் என்பதாலேயே தோட்டத்துக்கு ஏற்றது என்று முடிவு செய்வது முதல் தவறு. கிவி வேர் நீர் தேங்கினால் அழுகும். 1.2 மீட்டர் ஆழத்துக்குப் பல குழிகள் தோண்டி, குளிர்கால மழைக்குப் பின் நீர் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்த்த பிறகே நிலத்தைத் தோட்டக் கணக்கில் சேர்க்க வேண்டும். 18 ஹெக்டேரில் 7 மட்டுமே தேறுவது சகஜம். அடுத்தது உறைபனி: வசந்தத்தில் மொட்டு விடும்போது ஓர் இரவு போதும், ஓராண்டு வருமானம் போய்விடும், மேலிருந்து நீர் தெளித்துக் காக்கலாம், அதற்கு நீர் எடுக்கும் அனுமதி மண்டல மன்றத்திடம் வேண்டும். 2010 நவம்பரில் டே புக்கேயில் தென்பட்ட பிஎஸ்ஏ பாக்டீரியா நோய் அன்று இருந்த தங்க ரகத்தை அடியோடு சாய்த்தது. ஒரே பயிரை நம்பி முழுக் கடனையும் வாங்கியவர்கள் பட்ட பாடு அது. கடன் ஒப்பந்தத்தில், பயிர் நோய்க்கும் இயற்கைப் பேரிடருக்கும் தவணைத் தள்ளிவைப்பு எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வட்டி விகிதத்தைவிட அந்த ஒரு வரி முக்கியம்.

நிர்வாகத்தை ஒப்படைப்பது, குத்தகைக்கு விடுவது

உரிமையாளர் சிதறிக் கிடக்கிறார்கள், அறங்காவலராக நிற்க ஆளில்லை என்றால் மாவோரி அறங்காவலர் அலுவலகமான தே துமு பாய்ரோவாவை அறங்காவலராக அமர்த்த நீதிமன்றத்தைக் கேட்கலாம். 1920 சட்டத்தில் தொடங்கிய பதவி. 2009-இல் அமைச்சகத்திலிருந்து பிரிந்து தனித்து இயங்கத் தொடங்கியது. குத்தகை வசூல், கணக்கு, உரிமையாளர் பட்டியல் எல்லாம் ஒழுங்காக நடக்கும். கட்டணம் உண்டு. முடிவெடுக்கும் பழக்கம் கைநழுவிவிடும் என்பதே எங்கள் தயக்கம். இடைக்கால ஏற்பாடாக, உரிமையாளரிடமிருந்து ஓர் ஆலோசனைக் குழுவோடு ஏற்றால் பழுதில்லை.

குத்தகையை ஏளனமாகப் பார்க்க வேண்டாம். கைமுதல் இல்லாத அறக்கட்டளைக்கு உறுதியான வருமானம் தருவது அது மட்டுமே. பழைய நிரந்தரக் குத்தகைகள் கொடுமையானவை: 1955 சட்டத்தின் கீழ் இருந்த ஒதுக்கீட்டு நிலங்களில் வாடகை 21 ஆண்டுக்கு ஒரு முறைதான் மாறும், குத்தகைக்காரர் எத்தனை முறை வேண்டுமானாலும் புதுப்பித்துக்கொள்ளலாம். தாரனாக்கியின் பாரினினிஹி கி வைட்டோட்டாரா கூட்டமைப்பு அந்தச் சுமையை நெடுங்காலம் தாங்கியது. 1997 திருத்தம் ஏழாண்டுக்கு ஒரு முறை சந்தை வாடகை என்று மாற்றியது. இன்று புதிதாக எழுதும் குத்தகையில் அந்தத் தவற்றைத் திரும்பச் செய்யக் காரணமே இல்லை. ஐந்து முதல் ஏழு ஆண்டு, மூன்றாண்டுக்கு ஒரு முறை வாடகை மறுஆய்வு என்பதே போதும்.

குத்தகையில் கண்ணுக்குத் தெரியாமல் போவது மண்வளம். மண்ணில் கிடைக்கும் பாஸ்பரஸை ‘ஓல்சன் பி’ என்ற எண்ணால் அளக்கிறார்கள். எரிமலைச் சாம்பல் மண்ணில் அந்த எண்ணை ஒன்று உயர்த்த ஹெக்டேருக்கு ஏறக்குறைய 11 கிலோ பாஸ்பரஸ் வேண்டும். வண்டல் பாறை மண்ணில் 5, நுரைக்கல் மண்ணில் 7. (சாம்பல் மண்ணில் இடத்துக்கு இடம் 7 முதல் 18 வரை மாறும்.) குத்தகைக்காரர் கடைசி ஆண்டுகளில் உரத்தை நிறுத்தி, எண் 20-லிருந்து 8-க்கு இறங்கிவிட்டது என்று வைப்போம். திரும்ப ஏற்ற 12 பெருக்கல் 11, அதாவது ஹெக்டேருக்கு 132 கிலோ பாஸ்பரஸ். சூப்பர் பாஸ்பேட்டில் அது 9 சதவீதம்தான். ஆகவே ஹெக்டேருக்கு 1,467 கிலோ உரம். 40 ஹெக்டேருக்கு 58.7 டன். டன் 450 டாலர் என்று கொண்டால் 26,400 டாலர், தூவும் விமானக் கூலி தனி. வாடகை வந்தது என்று மகிழ்ந்த அறக்கட்டளையின் மண்ணிலிருந்து அத்தனை பணம் வெளியேறியிருக்கிறது.

எனவே குத்தகைப் பத்திரத்தில் தொடக்க மண் பரிசோதனை அட்டவணையாக இணைய வேண்டும். முடிவில் அதே இடங்களில், அதே மாதத்தில் மறுபரிசோதனை. குறைந்தால் குத்தகைக்காரர் உரச் செலவை ஈடுகட்ட வேண்டும். அமில காரச் சமநிலைக்கும் (pH) அப்படியே: ஹெக்டேருக்கு ஒரு டன் சுண்ணாம்பு அதைச் சுமார் 0.1 உயர்த்தும். கோர்ஸ், பிளாக்பெர்ரி முட்புதர்களைக் கட்டுப்படுத்தும் கடமையையும் எழுதுங்கள். முக்கியமாக, குத்தகைக்காரர் செய்த மேம்பாடுகளுக்கு ஈட்டுத்தொகை தர வேண்டும் என்ற வரி இருந்தால் அடித்துவிடுங்கள். அந்தத் தொகையைத் தர முடியாததாலேயே நிலம் திரும்பாமல் போன வரலாறு நீண்டது.

சரிவு நிலம்: காடா, கரிம அலகா

மாவோரி நிலத்தின் பெரும்பகுதி நிலவளத் தரம் (1 மிகச் சிறந்தது, 8 மிக மோசமானது) 6, 7, 8-இல் இருக்கிறது. நம் 22 ஹெக்டேர் அந்த வகை. 1988-இன் போலா, 2023 பிப்ரவரியின் கேப்ரியல் ஆகிய புயல்கள் கிழக்குக் கரையில் இத்தகைய சரிவுகளை உரித்தெடுத்தன. கேப்ரியலில் பைன் தோட்டக் கழிவு மரங்கள் ஆற்றில் அடித்து வந்து பாலங்களையும் கடற்கரையையும் மூடின. ஆடுமாடு அங்கே தேவையில்லை என்பதில் எங்களுக்கு ஐயமில்லை. கேள்வி, எந்த மரம்?

ரேடியாட்டா பைன் வேகமாகக் கரிம அலகு (காடு உறிஞ்சும் ஒவ்வொரு டன் கரியமில வாயுவுக்கும் அரசு தரும், விற்கத்தக்க ஓர் அலகு) சேர்க்கும். 2023 தொடக்கம் முதல் பதிவாகும் வெட்டுக்காடுகளுக்குச் சராசரிக் கணக்கு முறை: முதல் சுற்றில் 16 வயது வரை அலகு, அதன்பின் இல்லை, வெட்டியபின் மறுநடவு செய்தால் திருப்பித் தர வேண்டாம். நிரந்தரக் காடு வகையில் 50 ஆண்டு ஒட்ட வெட்டக் கூடாது. அயல்மரக் காட்டை இந்த வகையில் போடுவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். பேரப்பிள்ளைகளின் முடிவை இன்றே எடுத்து, முதுமையில் சாயும் பைன் சரிவை அவர்களிடம் விட்டுச்செல்வது அது. விலையும் நிலையற்றது: ஓர் அலகு 2022 இறுதியில் 80 டாலரைத் தாண்டியது, 2023 நடுவில் அதில் பாதிக்கும் கீழே போனது. மேலும் 2025-இன் சட்டத் திருத்தம், தரம் 1 முதல் 6 வரையிலான பண்ணை நிலத்தை அயல்மரக் காடாக்கிப் பதிவு செய்வதற்கு வரம்பு வைத்திருக்கிறது.

மண்ணின் சொந்தக் காடு மெதுவாக வளரும். அரசு அட்டவணைப்படி 50 ஆண்டில் ஹெக்டேருக்கு 323 டன், ஆண்டுச் சராசரி 6.5. 22 ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 143 அலகு. 50 டாலர் விலையில் 7,150 டாலர். ஆனால் முதல் ஐந்தாண்டு முடிவில் ஹெக்டேருக்கு 8 டன்கூட ஆகாது, ஆகவே தொடக்கச் செலவை இதை நம்பிச் செய்ய முடியாது. 1990-க்கு முன்பே காடாக இருந்த பகுதிக்கு அலகே கிடையாது.

அந்தத் தொடக்கச் செலவுக்குத்தான் ஙா ஃபெனுவா ராஹுயி. 1991-இல் தொடங்கிய இந்த நிதியை இயற்கைப் பாதுகாப்புத் துறை நிர்வகிக்கிறது. ‘கவெனாத்தா’ என்ற உடன்படிக்கையில் உரிமையாளர் சொந்தக் காட்டைக் காக்க ஒப்புக்கொள்கிறார்; அரசு வேலிக்கும், போசம் (மரமேறும் அயல் விலங்கு), காட்டு வெள்ளாடு, மான் ஒழிப்புக்கும் பணம் தருகிறது. நில உரிமை மாறாது. 25 ஆண்டுக்கு ஒரு முறை, அதாவது ஒரு தலைமுறைக்கு ஒரு முறை, மறுபரிசீலனை. அந்தப் பரப்புக்கு உள்ளாட்சி வரியும் இல்லை. முன்பு சொன்ன அளவுகோலில் இதுவே மிக உயர்ந்து நிற்கிறது: அடுத்த தலைமுறை தன் முடிவைத் தானே எடுக்க இடம் விடும் திட்டம்.

மாதிரி நிலத்துக்கு எங்கள் வரிசை

குத்தகை முடிய இரண்டு ஆண்டு இருக்கிறது. முதல் ஆண்டில் வாரிசு ஆணைகள், அறக்கட்டளை ஆணைத் திருத்தம், வரி நிலை. அதே ஆண்டில் ஃபெனுவா மாவோரி நிதியில் ஒரே ஒரு ஆய்வு: சமதளத்தின் வடிகால், நீர், உறைபனி. 22 ஹெக்டேருக்கு ஙா ஃபெனுவா ராஹுயியில் விண்ணப்பம். சரிவின் அடியில் 1,500 மீட்டர் வேலி வரும், மீட்டர் 25 டாலர் என்றால் 37,500 டாலர், அதை அறக்கட்டளை தன் கைக்காசில் போடக் கூடாது.

40 ஹெக்டேர் மேய்ச்சலை, மேலே சொன்ன மண் நிபந்தனைகளோடு, ஐந்தாண்டுக்கு மறுபடி குத்தகைக்கு விடலாம். அதில் வழுக்கும் ஓரங்களில் 3 மீட்டர் பாப்லர் கழிகளைக் குளிர்காலத்தில் 12 மீட்டர் இடைவெளியில் நடவேண்டும்; உறை மாட்டி, இரண்டு ஆண்டு மாடு விடாமல் செம்மறியாடு மட்டும் மேய்க்க வேண்டும். கழிக்கு மண்டல மன்றத்திடம் மானியம் கேட்கலாம்.

சமதளத்தில் ஆய்வு தேறிய பரப்பு 7 ஹெக்டேர் என்றால், 3 ஹெக்டேரோடு தொடங்குவது. கடனைத் தனியாக எடுக்காமல், தோட்டம் அமைக்கும் கூட்டாளி தன் முதலீட்டைப் போட்டு, குறித்த ஆண்டுகளுக்குப் பின் தோட்டம் அறக்கட்டளைக்கே திரும்பும் ஒப்பந்தம். அதில் ஒப்பந்தக் காலம் முழுவதும் உரிமையாளர் குடும்பத்து இளைஞர் இருவருக்கு வேலையும் பயிற்சியும் உறுதி என்று எழுதப்பட வேண்டும். தோட்டம் திரும்பி வரும் நாளில் அதை நடத்தத் தெரிந்தவர் வீட்டில் இருக்க வேண்டும் என்பதற்காக.

கானோவாவின் கதவைத் தட்டுவது அதற்கும் பிறகு, பக்கத்து அறக்கட்டளைகளோடு சேர்ந்து, நீருக்காக மட்டும். விண்ணப்பச் சுற்றுகளும் விதிகளும் ஆட்சி மாறும்போது மாறுகின்றன. எனவே எந்தத் திட்டத்துக்கும் ஆலோசகரை அமர்த்துமுன் தே புனி கோக்கிரியின் மண்டல அலுவலகத்துக்கு ஒரு முறை தொலைபேசியில் பேசி, சுற்று திறந்திருக்கிறதா, இந்த ஆண்டு எதற்கு முன்னுரிமை என்று கேட்டுவிடுங்கள். பழைய குத்தகைக்காரருக்கு மறுபரிசோதனை அறிவிப்பு மட்டும் இன்றே போகட்டும்: அவர் வெளியேறும் முன் எடுக்கும் மண் மாதிரிக்குத்தான் மதிப்பு.